பருவம் திறக்குமுன் தூண்டிலில் மாட்டிய மீனைப் படமெடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். மே மாதக் கடைசியில் பதினொரு வயது மகனுடனும் இரண்டு நண்பர்களுடனும் ரைஸ் ஏரியில் வாடகைப் படகில் பேர்ச் மீன் பிடிக்கப் போயிருந்தேன். புழு கோத்த தூண்டிலில் எதிர்பாராமல் ஒரு பெரிய லார்ஜ்மௌத் பாஸ் மாட்டியது. மகனின் கைக்கு வந்த முதல் பெரிய மீன் அது. ஊரில், வடமராட்சியில் இருக்கும் என் அப்பாவுக்கு அனுப்ப ஆசைப்பட்டு, பைக்குள் கிடந்த கைத்தொலைபேசியைத் தேடி எடுத்து மூன்று நான்கு படங்கள் பிடித்த பிறகு மீனை விட்டோம். அது நன்றாகவே நீந்திப் போனது. பருவம் திறக்காத மீனைத் தூக்கிப் படமெடுப்பதே சட்டப்படி குற்றம் என்கிறார் ஒரு நண்பர். நியூயோர்க்கில் இதை யாரும் கேட்பதில்லை, உயிரோடு விட்டால் போதும் என்கிறார் மற்றவர். இவர்களில் யார் சொல்வது சரி? படங்களை முகநூலில் போடலாமா? இனிமேல் இப்படி மாட்டினால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வணக்கம். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் பருவம் மூடியிருக்கும் காலத்தில், அதாவது அந்த மீனைப் பிடிக்க அனுமதி இல்லாத நாட்களில், தற்செயலாக மாட்டிய மீனை உடனடியாக, இயன்றவரை காயப்படுத்தாமல், பிடித்த நீரிலேயே விட்டாக வேண்டும். தூண்டில் முள்ளைக் கழற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, மீன் தண்ணீருக்குள் இருக்கும் நிலையில், பக்கத்தில் இருப்பவர் ஒரு படம் எடுத்தால் அதை நான் தவறென்று கருதமாட்டேன். ஆனால், படத்துக்காக மீன் காத்திருக்க வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் அந்தப் படம் எடுக்கப்படவே கூடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தொலைபேசியைத் தேடிய நேரமும் திரும்பத் திரும்பப் படம் பிடித்த நேரமும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டியிருக்கின்றன. பிள்ளையின் மகிழ்ச்சியைப் பதிவு செய்ய நினைத்த தகப்பன்மீது எனக்குக் கோபம் இல்லை. மீன்வள உயிரியலாளனாக, அந்தச் சில நிமிடங்களில் தண்ணீருக்கு மேலும் கீழும் என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் விளக்கவே விரும்புகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். ஒன்ராறியோ மீன்பிடி நிர்வாகத்துக்காக 20 வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பீற்றர்பரோவைச் சுற்றியுள்ள கவார்த்தா ஏரிகளும் நீங்கள் போன ரைஸ் ஏரியும் 17ஆம் வலயத்தைச் சேர்ந்தவை. அங்கே வோல்ஐ மீனுக்கான பருவம் மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை திறக்கிறது. லார்ஜ்மௌத், ஸ்மோல்மௌத் ஆகிய இரு வகைப் பாஸ் மீன்களுக்கும் ஜூன் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை வரை பொறுத்திருக்க வேண்டும். இடைப்பட்ட ஐந்தாறு வாரங்களில் வோல்ஐக்கும் பேர்ச்சுக்கும் தூண்டில் போடுபவர்களிடம் பாஸ் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். மாட்டியதற்காக எவரும் தண்டிக்கப்படுவதில்லை. அதை வைத்துக்கொள்வது குற்றம். விட்டுவிடும் எண்ணத்தோடு என்றாலும், பருவம் மூடிய மீனை வேண்டுமென்றே குறிவைத்துப் பிடிக்க முயல்வதும் குற்றமே. இந்த இரண்டாவது விதி பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களில் சிலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்பதால் உங்கள் மகனுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை என்றாலும், பருவம் பற்றிய விதி அவருக்கும் பொருந்தும்.

நண்பர் சொன்னதுபோலப் படமெடுப்பதைப் பெயர் சொல்லித் தடை செய்யும் விதி ஒன்றும் ஒன்ராறியோவின் பாஸ் மீனுக்கு இல்லை. உடனடியாக விட வேண்டும் என்பதே விதி. ஆகவே, கரையிலோ படகிலோ நின்று மீனை உயர்த்திப் பிடித்து ஒருவர் மாற்றி ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருப்பதை மீன்வளப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பார்த்தால், உடனடியாக விடவில்லை என்று கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. வேறு சில இடங்களில் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து நன்னீரில், விட்டாக வேண்டிய சால்மன், ஸ்டீல்ஹெட் போன்ற மீன்களை முழுவதுமாகத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதே சட்டவிரோதம். புளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பன் மீன் நீரை விட்டு வெளியே வரக் கூடாது. அங்கெல்லாம் படம் எடுக்கத் தடையில்லை. மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மாகாணத்தில் இப்படி எழுதப்படாவிட்டாலும் நாமாகவே அந்த ஒழுங்கை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

நியூயோர்க் பற்றிச் சொன்ன நண்பரின் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தில் 2022 முதல், டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை பாஸ் மீனைப் பிடித்து உடனே விடுவதற்குப் பொதுவான அனுமதி உண்டு. மிச்சிகனில் 2015 முதல் ஆண்டு முழுவதும் அப்படிச் செய்யலாம். அந்த மாநிலங்களின் நிர்வாகிகளுக்கு அறிவு போதாது என்று நான் சொல்லமாட்டேன். பரந்த ஏரிகளில், சில கூடுகள் அழிந்தாலும் மொத்த மீன் தொகை குறையாது என்ற கணிப்பின்மேல் அவர்கள் அந்த முடிவை எடுத்திருக்கிறார்கள், அதைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் அந்த அனுமதியும் உடனே விடுவதற்கான அனுமதிதான், நின்று படம் பிடிப்பதற்கானது அன்று. மேலும், எல்லைக்கு அப்பால் உள்ள அனுமதி ரைஸ் ஏரியில் செல்லாது. ஒன்ராறியோவுக்குள்ளேயே வலயத்துக்கு வலயம் தேதிகள் மாறும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் மாகாண அரசு வெளியிடும் மீன்பிடி விதிச் சுருக்கத்தைப் பயணத்துக்கு முன்பு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி மீனுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். தூண்டிலில் இழுபடும் மீன் தன் தசைகளின் முழுப் பலத்தையும் செலவழிக்கிறது. தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. உடலுக்கு ஒக்சிசன் மிக அதிகமாகத் தேவைப்படும் வேளை அது. சரியாக அந்த வேளையில்தான் நாம் அதைக் காற்றுக்குள் தூக்குகிறோம். செவுளில் உள்ள மெல்லிய இதழ்கள் தண்ணீர் தாங்கும்போது மட்டுமே விரிந்து நிற்கும். காற்றில் அவை மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மூச்சு ஏறத்தாழ நின்றே போகிறது. மூச்சிரைக்க ஓடி வந்து நிற்கும் ஒருவரின் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு படத்துக்கு நிற்கச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று நம் மாகாணத்திலேயே, கிங்ஸ்ரன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவரால் 1992இல் வெளியிடப்பட்டது. களைத்துப்போகும் வரை ஓட விரட்டப்பட்ட ரெயின்போ டிரௌட் மீன்களில், காற்றுக்கு வெளிவராமல் நீரிலேயே இருந்தவற்றுள் 88 சதவீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. அதே களைப்போடு 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 சதவீதமும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 28 சதவீதமும் மட்டுமே தப்பின. இது ஆய்வுகூடத்தில், உடலில் குழாய் பொருத்தப்பட்ட மீன்களிடம் செய்யப்பட்ட சோதனை. ஏரியில் பிடிபடும் எல்லா மீனுக்கும் இந்த எண்களை அப்படியே பொருத்துவது நேர்மையாகாது. டிரௌட்டைவிடப் பாஸ் மீன் தாக்குப்பிடிக்கும் வலிமை கொண்டது. ஆனாலும், அரை நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் இடையில் மீனுக்கு எவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கிறது என்பதை இந்த ஆய்வு போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை. பிற்காலத்தில் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கனேடிய ஆய்வாளர்கள், காற்றில் இருக்கும் நேரம் பத்து விநாடிக்குள் இருக்கட்டும் என்று 2015இல் பரிந்துரைத்தார்கள். பத்து விநாடி என்பது எவ்வளவு குறுகியது என்பதை அறிய, மகனோடு சேர்ந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பைக்குள் கிடக்கும் தொலைபேசியைத் திறந்து, படக்கருவியை இயக்கி, ஆளை நிற்க வைத்து எடுப்பதற்கு அது போதவே போதாது.

இத்தனையும் எந்த மாதத்துக்கும் எந்த மீனுக்கும் பொருந்தும். நீங்கள் பிடித்தது மே மாதக் கடைசியில், பாஸ் மீன் என்பதால் இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பருவம் ஏன் மூடப்பட்டிருக்கிறது என்பதற்கான காரணமும் அதுவே.

வசந்தத்தில் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 15 பாகை செல்சியசை எட்டும்போது, ஆண் பாஸ் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வந்து, வாலால் அடிமண்ணை விலக்கி வட்டமான கூடு ஒன்றை அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு முட்டைகளைக் காப்பதும், வாலசைத்து அவற்றின்மேல் புது நீரைச் செலுத்துவதும், சில நாட்களில் பொரித்து வரும் குஞ்சுகள் தாமாகப் பிரிந்து போகும் வரை வாரக்கணக்கில் அவற்றோடு சுற்றி வருவதும் ஆண் மீனின் வேலை. அந்த நாட்களில் அது சரியாக உண்பதுகூட இல்லை. கூட்டை நெருங்கும் எதையும் துரத்திக் கடிக்கும். உங்கள் மகனின் புழுவைக் கவ்வியது பசியால் அல்லாமல், கூட்டுக்கு அருகே வந்த பொருளை அகற்றும் முயற்சியாகவே இருந்திருக்கக் கூடும். கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒப்பினிக்கன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது; கூடு காக்கும் பாஸ் மீன்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும் பங்கு அந்தப் பகுதியில் பல ஆண்டுகள் நீருக்குள் இறங்கி, கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கவனித்தவர்கள் தந்தது. அதிக முட்டைகளைக் காக்கும் பெரிய ஆண் மீன்களே தூண்டிலை அதிக மூர்க்கத்தோடு தாக்குகின்றன, ஆகவே அவையே எளிதில் பிடிபடுகின்றன என்று அந்த ஆய்வுகள் காட்டின. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. எந்தத் தகப்பன் மீன் தன் குஞ்சுகளுக்காக அதிகம் போராடுகிறதோ அதுவே நம் கையில் வந்து சேர்கிறது.

அது படகில் இருக்கும் நேரத்தில் கூட்டுக்குக் காவல் இல்லை. நீங்கள் பிடிக்கப் போன பேர்ச், கரையோரத்துச் சன்பிஷ், ரொக் பாஸ், பெரிய ஏரிகளில் வெளியிலிருந்து வந்து பரவிவிட்ட ரௌண்ட் கோபி ஆகிய எல்லாம் அந்த முட்டைகளுக்காகச் சுற்றிக்கொண்டே இருப்பவை. காவல் நீங்கிய சில நிமிடங்களுக்குள் அவை கூட்டுக்குள் இறங்கிவிடும். திரும்பி வந்த ஆண் மீன், முட்டைகள் மிகக் குறைந்து போயிருப்பதைக் கண்டு கூட்டையே கைவிட்டுப் போவதும் உண்டு. அதே ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: விரைவாக இழுத்து எடுக்கப்பட்ட ஆண் மீன்கள் விட்டவுடன் கூட்டுக்குத் திரும்பின, களைத்துப்போகும் வரை இழுக்கப்பட்டவையோ திரும்புவதற்கு அதைவிட வெகுநேரம் எடுத்துக்கொண்டன. ஆகவே இந்த மீனைப் பொறுத்தவரை நேரத்தை அதன் மூச்சை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. இழுத்த நேரம், முள்ளைக் கழற்றிய நேரம், படத்துக்குப் போன நேரம், விட்ட பிறகு அது இளைப்பாறிக் கூட்டைத் தேடிச் சேரும் நேரம் என்று எல்லாம் கூட்டப்படுகிறது. படகு காற்றில் நகர்ந்திருந்தால் அந்தத் தூரமும் சேரும். நங்கூரம் போடாத படகில் ஓரிரு நிமிடம் படம் எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எவ்வளவு தள்ளி வந்திருக்கிறோம் என்பது புரியும். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

மீன் நன்றாக நீந்திப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறிதான். களைப்பின் விளைவு சில மணி நேரம் கழித்து வெளிப்படலாம் என்பதாலும், கூட்டில் என்ன நடந்தது என்பது மேலிருந்து தெரியாது என்பதாலும் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும், மே மாதத்துக் குளிர்ந்த தண்ணீர் பாஸ் மீனுக்கு உதவியிருக்கும். அது உயிர் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். தூண்டில் போடுவதற்கு முன்பே எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். நீண்ட மூக்குக் குறடும் கத்தரிக்கோலும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். தொலைபேசியைப் பைக்குள் வைக்காமல், நீர் புகாத உறையிலிட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். பூட்டைத் திறக்காமலே படக்கருவியை இயக்கும் வழி இப்போது பெரும்பாலான தொலைபேசிகளில் உண்டு. முடிச்சில்லாத றப்பர் கைவலை ஒன்று வாங்கிக்கொண்டால் அதைவிடப் பயனுள்ள முதலீடு வேறில்லை. நூல் வலையின் முடிச்சுகள் மீனின் உடலை மூடியிருக்கும் வழவழப்பான படலத்தையும் செதிலையும் துடுப்பையும் கிழிக்கின்றன, அந்தப் படலம் போனால் பூஞ்சைத் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும். முள்ளின் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறட்டால் நசுக்கி வைத்துவிட்டால், மாட்டிய மீனை விடுவிக்கும் நேரம் குறைந்துவிடும்.

மீன் மாட்டியதும், அது பாஸ் என்று தெரிந்த கணத்திலிருந்து, விளையாட்டுக் காட்டாமல் விரைவாக இழுத்துக் கைவலைக்குள் வாங்குங்கள். வலையின் வாய் மேலே இருக்க, வலையும் மீனும் படகின் ஓரத்தில் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். கைகளை நனைத்துக்கொண்டு நீங்கள் முள்ளைக் கழற்றும்போது, மகன் பக்கத்தில் குனிந்து முகத்தைக் காட்டட்டும். நண்பர் தொலைபேசியைத் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் தாழ்த்திப் பிடித்து, தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் முறையிலோ காணொளியாகவோ பதிவு செய்யட்டும். காணொளியிலிருந்து பிறகு வேண்டிய படத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம் என்பதால், சிரி, இங்கே பார், இன்னொன்று என்று சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நீரின் பளபளப்பு மீனை மறைத்தால், மீன்பிடிப்பவர்கள் அணியும் துருவமுனைவுக் கறுப்புக் கண்ணாடியை வில்லைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள்; மீனின் பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகூடத் தெளிவாகத் தெரியும். முள் கழன்ற கணத்தில் படமெடுப்பும் முடிந்தது. நண்பர் இன்னும் தயாராகவில்லை என்றால் மீன் போகட்டும். தண்ணீருக்குள் பாதி மூழ்கிய நிலையில், செவுள் மூடி விரிந்து, நிறம் மங்காமல் இருக்கும் மீனின் படம், வாய் பிளந்து தொங்கும் மீனின் படத்தைவிட அழகானது என்பதே என் எண்ணம்.

பருவம் திறந்த நாட்களில் மீனைத் தூக்கிப் படமெடுக்கும்போதும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று: கீழ்த்தாடையை மட்டும் பிடித்துக் கிடையாக நீட்டினால், பெரிய பாஸின் முழு எடையும் தாடை மூட்டில் விழுந்து அது சேதமடையும். மறு கை வயிற்றைத் தாங்க வேண்டும். செவுளுக்குள் விரலை விடக் கூடாது. துணியால் மீனைத் துடைத்துப் பிடிப்பதும், படகின் சூடான தரையில் கிடத்துவதும் வேண்டாம்.

முள் தொண்டைக்குள் போயிருந்தால் படத்தை அறவே மறந்துவிடுங்கள். இழுத்துக் கிழிப்பதைவிடத் தூண்டில் நூலான தங்கூசியை முள்ளுக்கு அருகில் வெட்டிவிட்டு மீனை விடுவதே பிழைக்க அதிக வாய்ப்புத் தரும். செவுளில் இரத்தம் வந்தாலும், வயிறு மேலாகப் புரண்டாலும் படம் வேண்டாம். மெல்லப் புரட்டிப் பார்க்கும்போது தானாக நிமிர்ந்துகொள்ளும் மீன், வாலைத் தொட்டதும் உதறும் மீன் ஆகியவை போகத் தயாரானவை. நிமிராத மீனை வலைக்குள் நீரில் நிமிர்த்திப் பிடித்து, தானாகத் திமிறும் வரை காத்திருங்கள். முன்னும் பின்னும் இழுத்து ஆட்ட வேண்டாம், பின்னோக்கி இழுக்கும்போது செவுள் வழியே தண்ணீர் தவறான திசையில் போகிறது.

கவார்த்தா ஏரிகளில் வோல்ஐக்குத் தூண்டில் போடுபவர்களிடம் மே மாதத்தில் மாட்டும் இன்னொரு மீன் மஸ்கி. அதன் பருவம் ஜூன் முதல் சனிக்கிழமைதான் தொடங்குகிறது. ஒரு மீற்றருக்கு மேல் வளரும் அந்த மீனைப் படகுக்குள் தூக்கவே கூடாது. கூரிய பற்களோடு படகுக்குள் துள்ளினால் உங்களுக்கும் அதற்கும் காயம் நிச்சயம். படகோரத்தில் நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்ற வேண்டும், இயலாவிட்டால் வெட்டிவிட வேண்டும். குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடிப்பவர்கள், உறைநிலைக்குக் கீழான காற்றில் செவுளும் கண்ணும் சில விநாடிகளிலேயே உறைந்து சிதையும் என்பதால், விட வேண்டிய மீனைத் துளையின் நீரை விட்டு மேலே எடுக்கக் கூடாது.

ஒரு சில மீன்களுக்கு மட்டும் படம் எடுக்கச் சொல்லி நானே கேட்பேன். ஒன்ராறியோவில் அமெரிக்க விலாங்கும் ஏரி ஸ்டர்ஜனும் பாதுகாக்கப்பட்ட இனங்கள். அவை தற்செயலாக மாட்டினால் நீருக்குள் வைத்தே ஒரே ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, மாகாணத்தின் அரிய உயிரினப் பதிவுகளைத் தொகுக்கும் பீற்றர்பரோவில் உள்ள இயற்கை மரபுத் தகவல் நிலையத்துக்கு அனுப்பினால் அந்தப் பதிவு உண்மையிலேயே பயன்படும். ரௌண்ட் கோபி மாட்டினால் நிலைமை நேர்மாறானது. அதை உயிரோடு நீரில் விடவும் கூடாது, உயிரோடு வைத்திருக்கவும் கூடாது. ஆகவே அங்கே படத்துக்கு நேரம் தாராளமாக உண்டு. இதுவரை அது காணப்படாத நீர்நிலை என்றால் கட்டாயம் தெரிவியுங்கள்.

படம் எடுப்பது பற்றி இவ்வளவு எழுதினாலும், அதைவிட முக்கியமானது அந்த இடத்தை விட்டு நகர்வது. ஒரு பாஸ் மாட்டியது தற்செயல். அதே வளைகுடாவில் அதே தூண்டிலை மறுபடி போட்டு இன்னொன்று மாட்டினால், அதைத் தற்செயல் என்று அதிகாரியிடம் சொல்வது கடினம். மனசாட்சியிடம் சொல்வது அதைவிடக் கடினம். மே மாதக் கடைசியில் பாஸ் இருப்பது கரையோரத்துச் சூடான, ஆழமற்ற நீரில். படகைச் சற்று ஆழமான இடத்துக்கு, நீர்க்களைகள் அடர்ந்த படுகையின் வெளி விளிம்புக்கு நகர்த்திச் சிறிய முள்ளில் சிறிய புழுத்துண்டைக் கோத்தால் பேர்ச் கிடைக்கும், பாஸ் மாட்டுவது பெரிதும் குறையும். தெளிந்த நீரில், சுத்தம் செய்யப்பட்ட வட்டமான வெளிறிய திட்டும் அதன்மேல் அசையாமல் நிற்கும் மீனும் கண்ணில் பட்டால் அந்தக் கரையை விட்டு விலகிவிடுங்கள். மகனுக்குக் காட்ட வேண்டுமென்றால் தூண்டிலை உள்ளே எடுத்து வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து காட்டுங்கள். அப்போது வேண்டுமளவு படமும் எடுக்கலாம்.

முகநூலில் போடுவதைப் பற்றி என் கருத்து வேண்டாம் என்பதே. படத்தில் தேதி பதிவாகியிருக்கும். தொலைபேசியின் அமைப்பைப் பொறுத்து, பிடித்த இடத்தின் துல்லியமான புவியிடக் குறிப்பும் சேர்ந்திருக்கலாம். மே மாதத்தில் பெரிய பாஸோடு நிற்கும் படத்தைப் பார்ப்பவர்களில் சிலர் சட்டம் தெரியாமல் பிடிக்கலாம் போலிருக்கிறது என்று எண்ணுவார்கள், சிலர் அந்த வளைகுடாவையே தேடிப் போவார்கள். புதிதாகக் கனடாவுக்கு வந்து, ஊர்க் கடலில் பிடித்த பழக்கத்தோடு ஏரிக்கரைக்குப் போகும் நம்மவர்கள் பலர் பருவ விதிகளைப் பிறரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால் எனக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. அப்பாவுக்குத் தனியாக அனுப்புங்கள், அதில் பிழையில்லை. படத்தோடு, இந்த மீனுக்கு இப்போது குஞ்சு காக்கும் காலம், அதனால் விட்டுவிட்டோம் என்று பேரனே அவருக்குச் சொல்லட்டும்.

ஜூன் மூன்றாவது சனிக்கிழமைக்குப் பிறகு மகனை மீண்டும் அழைத்துப் போங்கள். அப்போது பாஸைக் குறிவைத்தே தூண்டில் போடலாம். ஆனால் வசந்தம் தாமதமாகும் ஆண்டுகளில் பருவம் திறந்த பிறகும் சில ஆண் மீன்கள் காவலில் இருக்கும். கரையோரத்து நீரில் கருமேகம் போலக் குஞ்சுகள் திரண்டு, அவற்றுக்குக் கீழே ஒரு பாஸ் நிற்பதைக் கண்டால், சட்டம் அனுமதித்தாலும் அந்த மீனுக்குத் தூண்டில் போடாமல் படகை வேறு பக்கம் திருப்புங்கள்.